டாக்டர் கெல்லாக்கைச் சபை நீக்கியது எதற்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கார்ன்ஃப்ளேக்ஸ் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவரை, அவருடைய புது உணவுகளும் புது அறிவும் பிடிக்காத சபை வெளியே தள்ளியது என்று கட்டுரை முடிகிறது. நான் அவரை நீக்கிய அதே ஏழாம் நாள் அட்வெந்து சபை என்ற கிறிஸ்தவ சபைக் குடும்பத்தில் பிறந்தவள். செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

உணவை வைத்து அங்கே சண்டையே நடக்கவில்லை. இறைச்சியும் புகையிலையும் காபியும் வேண்டாம், தானியமும் பழமும் கொட்டைப் பருப்புகளும் போதும் என்பது சபை சொல்லிக்கொடுத்த பாடம். மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் ஊரில், சபையின் அச்சகத்தில் 12 வயதில் எழுத்துக் கோக்க வந்த பையன் அவர். சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரும், சபையார் தீர்க்கதரிசியாக மதித்தவருமான எலன் ஒயிட் அம்மையாரின் ஆரோக்கியக் கட்டுரைகளை அங்கேதான் முதலில் படித்தார். பிறகு ஒயிட் தம்பதியர் பணம் கொடுத்து உதவி, நியூயார்க்கில் மருத்துவம் படிக்க வைத்தார்கள். 1876இல், 24 வயதில், சபையின் சின்ன மருத்துவ நிலையத்தை அவர் கையில் ஒப்படைத்தார்கள். 1894இல் வேகவைத்து மறந்துபோன கோதுமையை அவரும் தம்பி வில்லும் உருளையில் கொடுத்து, செதில் செதிலாக வந்ததை வாட்டி எடுத்தார்களே, அது அந்த நிலையத்து நோயாளிகளுக்காகத்தான். பிள்ளை மாதிரி வளர்த்த ஒருவரோடு வந்த சண்டை இது. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

சண்டையின் வேர் நிலையம் யாருக்குச் சொந்தம், கடனை யார் அடைப்பது என்பதில் இருக்கிறது. 1902 பிப்ரவரி 18 அதிகாலையில் நிலையம் தீப்பிடித்து எரிந்தது. மேற்குக் கரையிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த டாக்டருக்குச் சிகாகோவில் தகவல் கிடைத்தது. மிச்சப் பயணத்தில் அவர் ஒரு மேசையை வரவழைத்து, புதுக் கட்டடத்துக்குப் படம் போட ஆரம்பித்துவிட்டார். முன்பு இருந்ததை விடப் பெரிய கட்டடம்! ஒரே ஊரில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள், பல இடங்களில் சிறியதாகக் கட்டுங்கள் என்று ஒயிட் அம்மையார் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். சபையின் தலைமைப் பொறுப்புக்கு அப்போதுதான் வந்திருந்த ஏ.ஜி. டேனியல்ஸோ இனிக் கடன் வாங்கி எதையும் கட்டுவதில்லை என்பதில் உறுதியாக நின்றார். அதே வருஷம் இங்கிலாந்திலும் ஒரு நிலையம் வாங்குவது பற்றி இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். இந்த இடத்தில் நான் சபையின் பக்கம்தான். கடன் சபைக்கு, அதிகாரம் தனக்கு என்று டாக்டர் நினைத்தது நியாயமே இல்லை.

அப்புறம்தான் அந்தப் புத்தகம் வந்தது. கட்டட நிதிக்காக அவர் எழுதிய ‘உயிருள்ள ஆலயம்’. உடற்கூறு பற்றிய புத்தகத்தில் இறையியலையும் சேர்த்துவிட்டார். மரத்துக்குள்ளே மரத்தை உண்டாக்குகிறவர் இருக்கிறார், பூவுக்குள்ளே பூவை உண்டாக்குகிறவர் இருக்கிறார் என்று எழுதினார். தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. கடவுள் படைப்புக்கு அப்பாற்பட்டவர் என்று நம்பிய சபையாருக்கு இது பெரிய அதிர்ச்சி. சபை வெளியிட மறுத்ததும், தன் செலவில் 5,000 பிரதிகள் அச்சடிக்கச் சொன்னார், அதுவும் சபையின் அச்சகத்திலேயே. டிசம்பர் 30ஆம் தேதி அந்த அச்சகமும் எரிந்துபோனது. மறு வருஷம் வேறு இடத்தில் அச்சிட்டு வெளியிட்டார்.

இதில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. கல்கத்தாவில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியிருந்த டபிள்யூ.ஏ. ஸ்பைசரிடம், கடவுள் எங்கே இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். பரலோகத்தில் என்றார் ஸ்பைசர். டாக்டர் வெளியே இருந்த புல்லையும் மரங்களையும் காட்டி, இவற்றில் இருக்கிறார் என்றார். இந்தியாவில் தினமும் காதில் விழுந்த பேச்சாயிற்றே என்று ஸ்பைசர் திகைத்துப்போனார். 1915இல் கோயம்புத்தூரில் ஆரம்பித்து இப்போது புனேயில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு இவருடைய பெயர்தான்.

ஆனால் சபை அவரை நீக்கிய விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1907 அக்டோபர் 7ஆம் தேதி பேட்டில் கிரீக் சபையிலிருந்து ஜார்ஜ் அமடன், ஏ.சி. போர்டோ என்ற இரண்டு பெரியவர்கள் டாக்டரின் வீட்டுக்குப் போனார்கள். பையனாக அவர் எழுத்துக் கோத்த காலத்திலேயே அந்த அச்சகத்தில் இருந்தவர் அமடன். மூன்று பேரும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசினார்கள். பேச்சு முழுவதையும் டாக்டர் சுருக்கெழுத்தில் எடுக்க வைத்தார். பணம், புத்தகம், ஒயிட் அம்மையாரின் கடிதங்கள், பழைய மனக்கசப்புகள் என எல்லாமே அதில் வருகின்றன. நவம்பர் 10ஆம் தேதி அவர் இல்லாத கூட்டத்தில் பெயரை நீக்கிவிட்டார்கள். சபையில் விளங்கும் வரங்களை, அதாவது ஒயிட் அம்மையாரின் தீர்க்கதரிசன வரத்தை, எதிர்க்கிறார், சபையின் வேலையைக் கவிழ்க்கப் பார்க்கிறவர்களோடு சேர்ந்திருக்கிறார் என்பது காரணம். எட்டு மணி நேரம் மனம் திறந்து பேசிய மனிதரை எதிரில் உட்காரவைத்து அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலும் தலைமை மருத்துவருக்கும் கமிட்டிக்கும் இதே மாதிரி மோதல் வந்தது. அவரும் ஊரில் இல்லாத நாளில்தான் தீர்மானம் போட்டார்கள். மறுநாள் காலையில் வார்டு சுற்ற வந்து நின்றவரிடம் யார் சொல்வது என்று தெரியாமல் நாங்கள் நர்ஸுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கெல்லாக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

பிற்காலத்தில் டாக்டர் ‘இன மேம்பாடு’ என்று மாநாடு நடத்தி, பிறப்பை வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்கப் போனதைக் கட்டுரை கண்டித்திருப்பது சரி. அதில் அவருக்காகப் பேச ஒரு வார்த்தையும் என்னிடம் இல்லை.

அந்த எட்டு மணி நேர உரையாடலின் எழுத்துப் பிரதி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கட்டுரையாளர் அதைப் படித்துவிட்டு இன்னொரு கட்டுரை எழுத வேண்டும், நீங்களும் அதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்