விமானத் தொலைவுக் கணிப்பான்களை நடத்துவோருக்கு

அன்புடையீர்,

இரு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் தொலைவையும் பறக்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறீர்கள். தொலைவில் எங்களுக்குப் பெரிய குறையில்லை. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துப் பெருவட்டத் தொலைவை, அதாவது உருண்டையின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கிடையிலான மிகக் குறுகிய வழியின் நீளத்தைக் கணக்கிட்டாலும் பிழை அரை சதவீத அளவைத் தாண்டாது. ஆனால் நகர மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை விட்டுவிட்டு விமான நிலையத்தினுடையதை எடுங்கள். வெறுமனே ‘மைல்’ என்று போடாதீர்கள். கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ.

நேரத்தில்தான் பயணி ஏமாறுகிறார். உங்களில் பலர் தொலைவை மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்து, போகவும் வரவும் ஒரே எண்ணைக் காட்டுகிறீர்கள். அந்த 900 விமானம் காற்றுக்குள் செல்லும் வேகம். தரைக்கு மேலே அது நகரும் வேகம் வேறு. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். நியூயார்க்–லண்டன் ஏறக்குறைய 5,550 கி.மீ. காற்று சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் வீசினால் லண்டனுக்கு 5 மணி 33 நிமிடம். திரும்பும்போது 6 மணி 56 நிமிடம். கூட்டினால் 12 மணி 29 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடம்தான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் போகவர இழப்பும் லாபமும் சரிக்குச் சரியாவதில்லை.

இதுவும் வானில் கழியும் நேரம் மட்டுமே. விமான நிறுவனங்களின் அட்டவணை, வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த வாயிலில் நிற்பது வரை கணக்கிடுகிறது. ஓடுபாதை வரிசை, மெதுவான ஏற்றம், இறங்கும் முன் வட்டமடித்தல் எல்லாம் அதில் அடக்கம். எனவே அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்றைவிடப் பெரிய இடி, மூடிய வான்வெளி. ஹெல்சின்கி–டோக்கியோ பெருவட்டத்தில் 7,800 கி.மீ. சொச்சம், 2022 பிப்ரவரிக்கு முன் ஒன்பதரை மணி நேரத்தில் போனார்கள். ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஏறக்குறைய 13 மணி. அதே வான்வெளியில் சீன நிறுவனங்கள் இன்றும் பறக்கின்றன. ஆகவே லண்டன்–ஷாங்காய் போன்ற தடத்தில் எந்த நிறுவனம் என்று கேட்காமல் நேரம் சொல்வதில் பொருளில்லை. திபெத் பீடபூமியையும் பல தடங்கள் சுற்றிப் போகின்றன: கேபின் அழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம்.

சிட்னி–லண்டன் 17,000 கி.மீ. என்பதால் ‘19 மணி நேரம்’ என்று காட்டுவது சுத்தக் கற்பனை. இன்று அட்டவணையில் உள்ள மிக நீண்ட இடைநில்லாச் சேவையான சிங்கப்பூர்–நியூயார்க்கே ஏறத்தாழ 15,350 கி.மீ.தான். இடைநில்லா விமானம் இல்லாத தடத்தில் அதை வெளிப்படையாக எழுதி, மாறும் இடத்தின் காத்திருப்பையும் சேருங்கள்.

சேரும் உள்ளூர் நேரத்துக்கு நிலையான மணி வித்தியாசத்தைப் பதித்து வைக்காதீர்கள். கோடைகால நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் மாறுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடைவெளி ஐந்து மணி அல்ல, நான்கு. புறப்பாட்டை உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றி, பயண நேரத்தைக் கூட்டி, அந்தத் தேதிக்குரிய நேர மண்டல விதியால் உள்ளூர் நேரமாக்குங்கள். தேதி மாறினால் அதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
வான்வழித் தடம் திட்டமிடுவோர் சிலர்