ஒலிப்பதிவுக் கருவி வாங்கும் எல்லையோரப் பள்ளிகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளிலும் வாசகசாலைகளிலும், ஊர்ப் பெரியவர்கள் பாடும் கும்மி, தாலாட்டு, நடவுப் பாடல்களைப் பதிவுசெய்து காக்க வேண்டும் என்று விரும்புவோர் இருக்கிறார்கள். இதற்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் கோவையிலிருந்து வாங்கிவரும் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி), பள்ளிக் கணினியில் இயங்காமல் அலமாரியில் முடங்குவதைக் காண மனம் வருந்துகிறது. கருவி பழுதில்லை, கணினிக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் வாங்கியதே காரணம்.

கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில், முன்பு ஐ.டி.@ஸ்கூல் என்றும் 2017 முதல் கைட் என்றும் வழங்கும் நிறுவனம் தரும் லினக்ஸ் இயங்குதளம் உள்ளது. கடைக்காரரோ விண்டோஸை மனத்தில் வைத்தே கருவியைக் காட்டுகிறார். உற்பத்தியாளரின் தனி டிரைவரை (கருவியைக் கணினியில் இயங்கச் செய்யும் மென்பொருளை) நிறுவினால் மட்டுமே இயங்கும் கருவிக்கு, அந்த டிரைவர் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் கிடைக்கும். எனவே 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' கருவியா என்பதையே முதலில் கேட்க வேண்டும். யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கான பொது விதிமுறைப்படி செய்யப்பட்ட அத்தகைய கருவி, தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸிலும் மேக்கிலும் ஐபேடிலும் பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் இயங்கும். விண்டோஸில் அவ்விதிமுறையின் இரண்டாம் பதிப்புக்கான டிரைவர் 2017இல்தான் விண்டோஸ் 10உடன் சேர்ந்து வந்தது. ஆகவே வீட்டில் பழைய விண்டோஸ் 7 கணினி வைத்திருப்போர் உற்பத்தியாளரின் டிரைவரையே நம்ப வேண்டியிருக்கும்.

டேப்லெட்டில் இணைக்கும்போது மின்சாரமே பெரிய இடையூறு. யூ.எஸ்.பி. 2.0 விதிமுறைப்படி கணினி 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தரும். டேப்லெட்டுகள் பல அந்த அளவைத் தருவதில்லை. கண்டென்சர் வகை மைக்குக்கு அதன் வயர் வழியே தர வேண்டிய 48 வோல்ட் மின்சாரமான ஃபான்டம் பவரையும் இன்டர்ஃபேஸ் இதிலிருந்தே உண்டாக்குவதால், அந்தப் பொத்தானை அழுத்தியதும் இணைப்பு அறுந்துபோவதுண்டு. தனி அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி. ஹப்பை இடையில் வைத்தால் இது தீரும். லைட்னிங் துளை கொண்ட பழைய ஐபேடுக்கு, சார்ஜர் வயரையும் செருக வசதியுள்ள கேமரா அடாப்டர் வேண்டும். ஃபான்டம் பவர் தேவைப்படாத டைனமிக் மைக்கே ஊர்த்திண்ணையில் பாடுவோருக்குப் போதுமானது என்பது என் கருத்து. சுற்றுப்புற இரைச்சலும் அதில் குறைவாகவே விழும்.

பாடுபவர் ஹெட்போனில் தம் குரல் சற்றுப் பிந்திக் கேட்டால் தாளம் தவறிவிடுவார். நொடிக்கு ஒலியின் 48,000 மாதிரிகள் (அளவீடுகள்) வீதம் பதியும்போது, பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை, 1,024 என்றிருந்தால் அதனால் மட்டுமே சுமார் 21 மில்லி நொடி தாமதம் ஏற்படுகிறது. 256 என்று குறைத்தால் அது 5 மில்லி நொடியைச் சற்றே தாண்டும். மிகவும் குறைத்தாலோ, வேகம் குறைந்த பள்ளி லேப்டாப்பில் ஒலி விட்டுவிட்டுப் பதியும். இன்டர்ஃபேஸிலேயே 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் குரல் கணினிக்குள் சென்று திரும்பாமல் நேரே காதுக்கு வந்துவிடும் என்பதால், வாங்கும் கருவியில் அது கட்டாயம் இருக்க வேண்டும். மேலும், ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் ஒரே மைக்கைக் கொண்டு பதியும்போது மோனோ (ஒற்றைத் தடம்) என்று தேர்ந்தெடுக்காவிட்டால் குரல் ஒரு காதில் மட்டுமே கேட்கும். அதைக் கருவியின் குறை என்று எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கச் செல்வோர் பள்ளி லேப்டாப்பையும் டேப்லெட்டையும் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே இணைத்துப் பாடிப் பதிந்து கேட்ட பின்பே பணம் கொடுக்கட்டும். இக்கருவிகளின் கையேடுகளில் தமிழைக் காண்பது அரிது என்பதால், இணைக்கும் முறையைப் படங்களுடன் விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.