ரேடியாலஜி செத்துப்போகுமாமே!

அன்புள்ள வசந்தி,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். காலாண்டுப் பேப்பர் கட்டு ஒரு பக்கம், அது முடிவதற்குள் மாமியாருக்கு வயிற்று வலி. மருத்துவ மேல்படிப்புப் பரீட்சையில் உன் மது வாங்கின ரேங்க்கைக் கேட்டதும் இவர் ஸ்வீட் வாங்கக் கிளம்பிவிட்டார், ஏதோ அவரே பரீட்சை எழுதின மாதிரி. ஒன்பது மணிக்கே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற உனக்கு இப்படி ஒரு பெண்ணா என்று புஷ்பாகூடக் கேட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்கிற ரேடியாலஜியை மது எடுக்கட்டும் என்று நீ எழுதியிருந்தாய். உன் வீட்டுக்காரர் ஒரே நாளில் எனக்கு இரண்டு அனுப்பினார். காலையில், நிபுணர்கள் சொல்லிப் பொய்த்துப்போன ஆரூடங்கள் என்று ஒரு பட்டியல், வரிக்கு வரி சிரிக்கிற பொம்மையோடு. சாயங்காலம், கோட் போட்ட ஒருத்தர் "இன்னும் அஞ்சு வருஷத்துல ரேடியாலஜின்னு ஒரு துறையே இருக்காது" என்று கத்துகிற வீடியோ, "மதுவுக்கு இது வேண்டாம்னு தோணுது" என்ற குறிப்போடு. காலையில் நிபுணர்களைப் பார்த்துச் சிரித்த மனிதர் சாயங்காலம் ஒரு நிபுணரைப் பார்த்து எப்படி நடுங்கினாரோ தெரியவில்லை. அந்தப் பட்டியலிலும் பாதி கட்டுக்கதை என்று அவரிடம் சொல்லிவிடு. உலகத்துக்கு ஐந்து கம்ப்யூட்டர் போதும் என்று ஐ.பி.எம். கம்பெனித் தலைவர் வாட்சன் 1943ல் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை. கம்ப்யூட்டருக்கு 640 கேபி மெமரி இருந்தால் யாருக்கும் போதும் என்று தான் சொல்லவே இல்லை என்கிறார் பில் கேட்ஸ்.

ஆனால் கோட்காரர் வீடியோவுக்கு ஒரு நிஜமான மூலம் இருக்கிறது. 2016ல் டொரண்டோவில் ஒரு கூட்டத்தில் ஜெஃப்ரி ஹிண்டன் என்ற ஏ.ஐ. விஞ்ஞானி சொன்னது. ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருஷத்தில் டீப் லேர்னிங் (ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிற ஏ.ஐ. முறை) அவர்களைவிட நன்றாகப் பார்த்துவிடும் என்றார். பத்து வருஷம்கூட ஆகலாம் என்று கூடவே ஒரு வார்த்தை சொன்னார், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 2012ல் அவரும் அவருடைய மாணவர்கள் இரண்டு பேரும் இந்த முறையில் செய்த கம்ப்யூட்டர் நெட்வொர்க், படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்றவர்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. 2024ல் பௌதிக நோபலே கொடுத்தார்கள் (பௌதிகத்துக்கு எப்படி என்று கேட்காதே, எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்னும் அந்தச் சண்டை ஓயவில்லை).

நடந்தது என்ன? அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்த ஏ.ஐ. மருத்துவக் கருவிகளில் முக்கால்வாசி ரேடியாலஜிக்கானவைதான், ஆனாலும் அங்கே ரேடியாலஜிஸ்டுக்குத்தான் பஞ்சம். மேயோ கிளினிக் என்கிற பெரிய ஆஸ்பத்திரியில் 2016க்குப் பிறகு அவர்கள் எண்ணிக்கை 55 சதவீதம் கூடி 400ஐத் தாண்டிவிட்டது என்று 2025ல் செய்தி வந்தது. ஹிண்டனும் இறங்கி வந்துவிட்டார். பொத்தாம் பொதுவாகப் பேசிவிட்டேன், படத்தைப் பார்ப்பதை மட்டும் மனதில் வைத்துச் சொன்னேன், திசை சரி, காலக்கணக்குதான் தப்பு என்கிறார்.

எனக்கு என்னமோ காலக்கணக்கு மட்டும் தப்பு என்று தோன்றவில்லை. மெஷினை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர், அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. மாமியாரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போன அன்று நான் பார்த்தேன். அந்த ஏ.சி. இருட்டறையில் ஜெல்லைத் தடவி, புரோபை விலாவுக்குக் கீழே அழுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்கிறார் டாக்டர். அத்தைக்குக் காது கேட்காது, சரியாக அந்த நேரம் பார்த்து மூச்சை விடுகிறார், நான் காதருகே கத்துகிறேன். திரையில் கறுப்பாக ஒரு பை, அதுதான் பித்தப்பையாம், உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி, அதற்குக் கீழே நிழல். "இடது பக்கம் திரும்பிப் படுங்க." திரும்பியதும் புள்ளி உருண்டு இடம் மாறியது. நகர்ந்தால் கல்லாம், ஒட்டிக்கொண்டே நின்றால் பாலிப்பாக, அதாவது சதை வளர்ச்சியாக, இருக்கலாமாம். அழுத்தும்போது அத்தை முகம் சுளிப்பதையும் கவனித்துக்கொண்டு, பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அங்கிருந்தே சர்ஜனுக்குப் போன் போட்டார். இதில் வெறுமனே படம் பார்த்தது எவ்வளவு நேரம், நீயே சொல். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்யத் தகுதியுள்ள டாக்டர்தான் வேண்டும் என்று 1994ல் வந்த சட்டம் வேறு இருக்கிறது. மெஷின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆனாலும் அதை மாற்ற டெல்லிதான் மனசு வைக்க வேண்டும்.

அதற்காக ஏ.ஐ. ஒன்றும் கிழிக்காது என்று நான் சொல்வதாக உன் வீட்டுக்காரர் ஃபார்வர்ட் பண்ணிவிடப் போகிறார். நடக்காது என்று சொன்னவர்களும் குப்புற விழுந்திருக்கிறார்கள். ரூதர்ஃபோர்டு கதையைச் சுந்தரம் சார் சொன்னபோது நீ தூங்கினாய், மறுபடி சொல்கிறேன். அணுக்கருவைக் கண்டுபிடித்த மகான் அவர். அணுவை உடைத்து ஆற்றல் எடுக்கலாம் என்பது வெறும் பிதற்றல் என்று 1933 செப்டம்பரில் லெஸ்டரில் பேசினார். மறுநாள் லண்டனில் அதைப் பேப்பரில் படித்து எரிச்சலானார் லியோ சிலார்டு என்ற பௌதிக விஞ்ஞானி. அந்த எரிச்சலோடு யோசித்துக்கொண்டே நடந்தவருக்கு, ரோட்டைக் கடக்கும்போது ஓர் அணுவில் நடப்பது அடுத்த அணுக்களிலும் தானாகவே தொடர்கிற தொடர்வினை யோசனை பளிச்சென்று வந்தது. 1942 டிசம்பரில் சிகாகோவில் அது ஓடியே விட்டது.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஈதர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மெட்கால்ஃப்தான். 1996ல் இன்டர்நெட் மொத்தமாகப் படுத்துவிடும், இல்லாவிட்டால் எழுதியதைத் தின்கிறேன் என்று 1995 கடைசியில் பத்திரிகையில் எழுதினார். 1997ல் ஒரு மாநாட்டு மேடையில் தான் எழுதின பத்தி மாதிரி செய்த கேக்கைக் காட்டி ஒப்பேற்றப் பார்த்தார், கூட்டம் விடவில்லை. அந்தப் பத்தியையே மிக்ஸியில் தண்ணீர் விட்டு அடித்துக் குடித்தார்! கோட்காரரிடம் மிக்ஸி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்.

கேலி போதும் வசந்தி. மதுவுக்கு இப்போது இருபத்தைந்து, இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்க வேண்டிய பெண். அவ்வளவு தூரத்துக்கு யாராலும் பார்க்க முடியாது, ஹிண்டனாலும் முடியாது, நம்மாலும் முடியாது. என்னை உறுத்துவது வேறு. ரேடியாலஜி என்றால் ராத்திரி கூப்பிட மாட்டார்கள், கல்யாணத்துக்கும் சௌகரியம் என்று நீ எழுதியிருந்தாய். பொங்கலுக்கு இங்கே வந்தபோது மது, வார்டில் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று பிடிபடாமல் கிடந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெனரல் மெடிசின் அவள் மனதில் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். ரேடியாலஜிதான் அவளுக்கு ஆசை என்றால் தாராளமாக முதலில் அதைப் போடட்டும், எந்த வீடியோவுக்கும் பயப்பட வேண்டாம். கவுன்சலிங்கில் எந்தத் துறை என்று சாய்ஸ் லாக் பண்ணுவதற்கு முன்னால் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது, நீயே எழுது, அவரிடம் விட்டால் இன்னொரு பட்டியல் வரும்.

அன்புடன்,
கமலா