கான்ஜிய கையால எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜப்பானிய மொழி படிக்கிறவங்க போன்லயே டைப் பண்ணிக்கலாம், கான்ஜிய, அதாவது சீனாவுலேர்ந்து ஜப்பானுக்கு வந்த எழுத்துகள, கையால எழுதத் தேவையில்லன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. மண்ணுக்கான எழுத்தும் போர்வீரனுக்கான எழுத்தும் அதே மூணு கோடுதான், கீழ்க்கோடு நீளமா இருந்தா மண்ணு, மேல்கோடு நீளமா இருந்தா வீரன், ஸ்க்ரீன்ல பாத்தா இது கண்ணுலயே படாது, எழுதிப் பழகின கைக்கு மறக்கவே மறக்காது. கோட்ட எங்க நிறுத்தணும், எங்க சுண்டி விடணும், எங்க மெல்லிசா இழுத்து விடணும்னுகூட கணக்கு இருக்கு!

ஜப்பான்ல ஆரம்பப் பள்ளி முடிக்கிறதுக்குள்ள 1026 எழுத்து, அன்றாடம் பயன்படுற கான்ஜிக்கான அரசுப் பட்டியல்ல மொத்தம் 2136. எல்லாத்தையும் வேணாம், முதல் வகுப்போட 80 எழுத்தையாவது கட்டம் போட்ட நோட்டுல எழுதிப் பாருங்க. உங்க பேப்பர்ல வாரம் ஒரு எழுத்து, கோடு வரிசையோட போடுவீங்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்