காஞ்சியில் உனக்கு என்ன இருக்கிறது?

தஞ்சாவூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடியோடு மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கிவிட்டாய் என்பதையும், பேத்தியின் திருமணம் தை மாதத்தில் உறுதியாகிவிட்டது என்பதையும் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமன்று. கல்யாணப் புடவையைக் காஞ்சிபுரத்துக்கே போய் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள், கோயில் கோயிலாக நிற்கும் அந்த ஊரில் சாமி கும்பிடாத எனக்கு என்ன இருக்கிறது, புடவைக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா என்று நீ கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு ஊரைப் பார்க்காமல் பதில் எழுதுவது முறையன்று என்று தோன்றியதால், சென்ற வாரம் இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு வந்தேன்.

நாம் இருவரும் ஏற்கெனவே காஞ்சியைப் பார்த்தவர்கள் என்றுதான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1979இல் வரதராசப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர் எழுந்தருளியபோது என் தாயாரைக் கூட்டிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? 1939இல் தம் தந்தையின் தோளில் உட்கார்ந்து பார்த்ததை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். கடவுள் இல்லை என்று விடுதி அறையில் இரவு முழுவதும் வாதாடிய நீ, அம்மாவின் கூடையைச் சுமந்துகொண்டு ஒன்பது மணி நேரம் வரிசையில் நின்றாய். அன்று நாம் பார்த்தது முன்னால் நின்றவர்களின் முதுகுகளை. உன் செருப்பும் காணாமற்போயிற்று. 2019இல் ஜூலை 1 முதல் நாற்பத்தெட்டு நாள் அவர் மீண்டும் வெளியே இருந்தபோது நான் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. இனி 2059, அதற்கு நாம் இருக்கப்போவதில்லை. ஆகவே இம்முறை வரதராசப் பெருமாள் கோயிலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நாம் அன்று திரும்பிக்கூடப் பார்க்காத இடங்களிலிருந்து தொடங்கினேன்.

முதலில் சென்றது பெரிய காஞ்சியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயில். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டேன். என்னையும் காவலரையும் ஒரு பள்ளி ஆசிரியரையும் தவிர அங்கு யாரும் இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்ற பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் மணற்கல்லில் எடுப்பித்த கோயில் இது. உள்சுற்றில் மதிலையொட்டி ஐம்பத்தெட்டுச் சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடிப்பகுதியில் மன்னன் தன் விருதுப் பெயர்களை இருநூற்றுக்கும் மேலாகப் பல வகை எழுத்துகளில் வெட்டி வைத்திருக்கிறான். ஆகமப்பிரியன், வாத்திய வித்தியாதரன் என்று போகிறது பட்டியல். தன்னைத் தானே இவ்வளவு புகழ்ந்துகொண்ட மனிதனை நாம் அலுவலகத்தில்கூடச் சந்தித்ததில்லை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். சில சன்னதிகளில் பழைய சுவரோவியத்தின் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. ஒரு கண், ஒரு தோள், மங்கிய செம்மண் நிறத்தில் ஒரு கை, அவ்வளவுதான். மணற்கல் உதிர்ந்த இடங்களில் பிற்காலத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பதால் சில சிங்கங்களின் முகம் வீங்கிப்போயிருக்கிறது. அதைச் செய்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள், ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் உனக்காக நான் குறித்துக்கொண்டு வந்தது வேறொன்று. முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வெட்டுவித்தவன் பல்லவர்களின் பரம்பரைப் பகைவனான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியத் தலைநகரான வாதாபியை அழித்த பழியை மனத்தில் வைத்திருந்த வம்சத்தில் வந்தவன், எட்டாம் நூற்றாண்டில் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான், கொடுத்ததைத் தன் மொழியில் எழுதியும் வைத்துவிட்டுப் போனான். தன் பெருந்தன்மையைப் பகைவனின் வீட்டுச் சுவரிலேயே எழுதி வைப்பதில் ஒரு செருக்கும் இருக்கிறது என்று நீ சொல்வாய், ஒப்புக்கொள்கிறேன். அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது, அவன் போன பிறகு ஊரைத் திரும்பப் பெற்ற பல்லவர்கள் அந்தக் கல்வெட்டைச் செதுக்கி எறியாமல் விட்டுவைத்தது. பின்னர் வந்த சோழன் முதலாம் இராசராசன் காலத்தில் இக்கோயிலைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி, அதாவது பெரிய கல் கோயில், என்று குறித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெரிய கோயிலைக் கட்டியவன் பெரியது என்று ஒத்துக்கொண்ட கோயில் அது.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியேற வேண்டும். அப்படிச் செய்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. எனக்கு நுழையும்போது இடுப்பும் வெளியேறும்போது மூச்சும் பிடித்துக்கொண்டன. நீ இதை முயலவே வேண்டா. வெளியே திண்ணைபோல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து சிங்கங்களைப் பார்த்துக்கொண்டிரு.

அடுத்து வைகுந்தப் பெருமாள் கோயில். பரமேச்சுர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடியது. இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று தளங்களில் பெருமாள் இருக்கிறார் என்பதற்காக அடியார்கள் வருகிறார்கள். நீ வர வேண்டியது உள்சுற்று மதிலின் சிற்பங்களுக்காக. பல்லவர் குலத்தின் கதை முழுவதையும் வரிசை வரிசையாக அங்கே செதுக்கியிருக்கிறார்கள், சிலவற்றுக்குக் கீழே விளக்கமும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபோது நாட்டுக்கு அரசன் இல்லை. அமைச்சர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்த அறிஞர்களும் குடிமக்களும் கூடி, பல்லவக் கிளையில் வந்த இரணியவர்மனைத் தேடிச் சென்று வாரிசு கேட்கிறார்கள். அவனுடைய நான்கு மகன்களில் மூவர் மறுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுடைய இளையவன் நான் போகிறேன் என்கிறான். தந்தை தயங்குகிறான், பின்பு அனுப்பி வைக்கிறான். மலையும் ஆறும் காடும் கடந்து அந்தச் சிறுவன் காஞ்சிக்கு வருவதும், ஊரார் எதிர்கொண்டு அழைப்பதும், முடிசூட்டுவதும் கல்லில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. கோயிலைக் கட்டியவன் அந்தச் சிறுவன்தான். தான் தெய்வத்தின் அருளால் மட்டும் வந்தவன் என்று செதுக்கச் சொல்லியிருக்கலாம்; ஆட்கள் தேடிவந்து கேட்டதால் வந்தவன் என்பதையும் மறைக்காமல் பதிந்திருக்கிறான். தேய்ந்துபோன அந்தச் சிற்பங்களுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பாதியில் வெளியே வர வேண்டியதாயிற்று. மாலையில் திரும்பப் போனேன்.

இடைப்பட்ட நேரத்தில் ஆட்டோ பிடித்து வேகவதி ஆற்றைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் போனேன். சமண காஞ்சி என்பது அதுதான். ஆறு என்று பெயருக்குத்தான் சொல்ல வேண்டும். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் இசை மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டினார். அதன் மேற்கூரையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியமாக ஓடுகிறது. அவர்களுள் ஒருவரான நேமிநாதரின் உறவினர் என்ற முறையில் கண்ணனும் அங்கே வருகிறார். நாம் அறிந்த கண்ணன் வேறொரு குடும்பத்துக் கதையில் துணைப்பாத்திரமாக நிற்பதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

பௌத்தக் காஞ்சிக்கு இப்படி ஒரு முகவரி இல்லை. மணிமேகலை தன் பயணத்தின் முடிவில் வந்து சேர்ந்த ஊர் இது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் நூற்றுக்கும் மேற்பட்ட மடாலயங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். இன்று ஏகாம்பரநாதர் கோயில் மதிலில் பொருத்தப்பட்ட சில புத்தர் உருவங்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் பேர் வாழ்ந்த சுவடு மதில் கற்களுக்கிடையே ஒடுங்கிவிட்டது. இந்த ஊர் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்தது என்று உனக்கு நான் கதை சொல்லப்போவதில்லை. சண்டைகளும் நடந்திருக்கின்றன. வரதராசர் கோயிலில் வடகலையாரும் தென்கலையாரும் யார் முன்னே நின்று ஓதுவது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியிறங்கியதை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

அதேபோல் கேலிக்கும் இங்கே பழைய இடம் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவிலேயே நடக்கிறது. குடித்துவிட்டு வரும் காபாலிகன், மண்டையோட்டில் பிச்சை ஏற்கும் சைவத் துறவி, தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, அதைத் திருடியவன் பௌத்தத் துறவிதான் என்று பிடித்துக்கொள்கிறான். இன்னொரு சைவப் பிரிவைச் சேர்ந்த பாசுபதன் நடுவராக வருகிறான். கடைசியில் பார்த்தால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அரசனே உட்கார்ந்து மூன்று சமயத்தாரையும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கும் ஊரில், உன் வாதங்களைக் கேட்டு யாரும் திகைத்துவிட மாட்டார்கள்.

ஏகாம்பரநாதர் கோயிலையும் காமாட்சியம்மன் கோயிலையும் விரைவாகவே பார்த்தேன், கூட்டம் அதிகம். ஏகாம்பரநாதர் கோயிலில் கிருட்டிணதேவராயர் 1509இல் கட்டிய தெற்குக் கோபுரத்தை மட்டும் தெருவில் நின்று நெடுநேரம் பார்த்தேன். இரண்டு கோயில்களுக்குள்ளும் ஆழ்வார் பாடிய பெருமாள் ஒவ்வொருவர் இருக்கிறார். சிவன் வீட்டிலும் அம்மன் வீட்டிலும் அவருக்கு ஓர் அறை ஒதுக்கியிருப்பதுபோல் தோன்றியது.

மறுநாள் சின்னக் காஞ்சியில், உனக்கு மிகவும் பிடிக்கப்போகும் கோயிலுக்குப் போனேன். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். திருமழிசையாழ்வாரின் மாணவர் கணிகண்ணன், தன்னைப் பாடச் சொன்ன பல்லவ அரசனைப் பாட மறுத்தார்; அரசன் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். மாணவன் போனால் நானும் போகிறேன் என்று புறப்பட்ட ஆழ்வார், பெருமாளிடமும் நீயும் இங்கே படுத்திருக்க வேண்டா, உன் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொள் என்றார். அவரும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. இன்று ஓரிக்கை என்கிறார்கள். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பின் ஆழ்வார் திரும்பினார், பாயை விரித்துக்கொள் என்று பெருமாளிடம் சொன்னார். திரும்பி வந்ததற்கு அடையாளமாக வழக்கத்துக்கு மாறான பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார் என்கிறார்கள். அரசனுக்குப் பாட மறுத்த புலவனுக்காகக் கடவுளே ஊரைக் காலிசெய்த கதை இது. நம்புவது உன் விருப்பம். ஆனால் இக்கதையைச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய மக்களின் மனம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கவனி.

கடைசியாக வரதராசர் கோயில். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியையும், தூண்களில் பாயும் குதிரைகளையும் யாரும் என்னை இடிக்காமல் பார்த்தேன். பிறகு அனந்தசரசுக் குளக்கரையில் உட்கார்ந்தேன். நீர் அசையவே இல்லை. அதன் அடியில் அத்திமரத்தில் செய்த உருவம் ஒன்று படுத்திருக்கிறது என்பது தெரிந்தும் என் நினைவுக்கு வந்தது அம்மாவின் கூடையும், அதைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்த உன் முகமும்தான். பெருமாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அம்மா உன்னிடம், நீ கும்பிட்டாயா என்று கேட்கவில்லை. பசிக்கிறதா என்று கேட்டார்.

புடவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் வீடு ஒன்றுக்குத் தெரிந்தவர் அழைத்துப் போனார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், உடலின் ஊடும் கரையின் ஊடும் பின்னிக் கோக்கப்படுவதைக் கோர்வை என்கிறார்கள். கரைக்குத் தனி நாடா ஓட்ட இன்னொருவர் துணைக்கு வேண்டும். அந்தக் கோர்வையைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், வாசலில் நிற்கும் தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் கேட்டு ஏமாந்தேன். விவரம் நேரில் சொல்கிறேன், உன் மைத்துனியிடம் சொல்லாதே. சுக்கும் மிளகும் சீரகமும் போட்டு மந்தாரை இலை வைத்த குடலையில் வேகவைத்த கோயில் இட்லி கிடைத்தால் விடாதே.

மார்கழிக்கு முன்பு, வார நாள் ஒன்றில் வந்தால் கூட்டம் குறைவு. பெண்கள் கடைக்குள் போகட்டும், நாம் இருவரும் கைலாசநாதரையும் வைகுந்தப் பெருமாளையும் மட்டும் ஒரு நாளில் மெல்லப் பார்க்கலாம், படிகள் குறைவு. தேதியை எழுது. நீயும் உன் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு. செருப்பை இம்முறை வண்டியிலேயே விட்டுவிடலாம்.

உன் அன்பு நண்பன்