அரங்கேற்றத்துக்கு முன் ஒரு சின்னப் பழக்கம்

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை

அன்புள்ள வதனி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டது. மரைன் டிரைவ் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே முடியாத காற்று. பம்பலப்பிட்டி மண்டபத்துக்காரரோடு ஒலி, ஒளி எல்லாம் கதைத்தாயிற்று. அதை யோசிக்க வேண்டாம்.

யாராவது புகழ்ந்தால் மகள் "ஐயோ, சும்மா போங்கோ அன்ரி" என்று தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறாள் என்று எழுதியிருந்தீர். அவளின் நடன அரங்கேற்றம் முடிந்தால் மேடையடியில் பெரிய வரிசையே நிற்கும். இப்போதே பழக்கிவிடும்.

இது வெறும் கூச்சமில்லை. சொன்னவரோடு ஒத்துப்போகவும் வேண்டும், தன்னைத் தானே மெச்சவும் கூடாது. இந்த இழுபறியைத்தான் உரையாடல் ஆய்வாளர் அனிட்டா பொமரன்ட்ஸ் 1978இல் விளக்கி எழுதினார். நம்மிடம் நாவூறு பயமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் "நான் நல்லா ஆடேல்ல" என்று பிள்ளை சொன்னால், இரண்டரை மணித்தியாலம் இருந்து பார்த்தவருடைய ரசனை பிழை என்றாகிவிடும். அவர் இன்னும் இரண்டு தரம் வற்புறுத்திப் புகழவும் வேண்டிவரும். அடக்கம் என்று நினைத்துச் செய்வது, எதிரில் நிற்பவருக்கு வேலை வைக்கிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சொல்பவர் முடிக்கும்வரை பொறுத்து, முகத்தைப் பார்த்துச் சிரித்து, ஒரே வசனம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம்தான் கடினம். அமைதி ஒரு விநாடி நீண்டாலே வாய் தானாக "ஆனா ரெண்டாவது ஜதியில தாளம் விட்டிட்டன்" என்று தொடங்கும். பார்த்தவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். இனி அதுதான் அவருக்கு ஞாபகம் நிற்கும்.

பெரியவர்களிடம் வெறும் "நன்றி" சில பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். "நீங்கள் சொல்லக் கேக்கச் சந்தோசமாயிருக்கு மாமி" என்றால் போதும். சிங்களச் சிநேகிதிகள் "ஹரிம லஸ்ஸனய்" என்றால் "பொஹொம ஸ்துதியி", அவ்வளவுதான். குருவுக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் உரிய பங்கைக் கொடுக்கட்டும், ஆனால் முதலில் வாங்கிக்கொண்டு பிறகு: "சந்தோசம் அங்கிள். மிருதங்கம் நல்லாக் கைகொடுத்தது." வரிசையை மாற்றி "எல்லாம் ரீச்சராலதான்" என்று தொடங்கினால் தட்டிக்கழிப்பது போலாகும்.

உடனே "உங்கட சாறியும் வடிவு" என்று திருப்பிக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லும். கடன் தீர்ப்பது மாதிரி. "உண்மையாவோ?" என்றும் கேட்க வேண்டாம். இன்னொரு புகழ்ச்சியைக் கேட்டு வாங்குவதாகிவிடும்.

"மெலிஞ்சாப்பிறகு நல்ல வடிவு" என்பது மாதிரிக் கதைகளும் வரும். அதற்கு நன்றி சொல்லக் கடமை இல்லை. "வந்தது சந்தோசம் அன்ரி, சாப்பிட்டீங்களோ?" என்று நகர்ந்துவிடலாம். "இவ்வளவு நல்லா ஆடுறாய், எங்கட விழாவிலயும் ஆடு" என்றால், புகழ்ச்சிக்குச் சந்தோசம் அந்த இடத்திலேயே. ஆடுவதா இல்லையா என்ற பதில் வீட்டில் யோசித்துப் பிறகு.

இனி உமக்கு, வதனி. பிள்ளையை மற்றவர்கள் புகழும்போது பக்கத்தில் நின்று "வீட்டில ஒரு கோப்பை கழுவமாட்டாள்" என்று சொல்லவேண்டாம். நாவூறு கழிப்பதாக நாம் நினைக்கிறோம். அம்மா தன்னை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். நாவூறு மனதை உறுத்தினால் வீட்டுக்கு வந்து உப்பு மிளகாய் சுற்றிப் போடும்.

இன்றிலிருந்து நாளுக்கு ஒரு தரம், உண்மையாக அவள் நன்றாகச் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லும். "நல்லா ஆடினாய்" இல்லை. "அந்த வர்ணத்தில கடைசித் தீர்மான அடவு துப்புரவா இருந்தது" என்று. குறிப்பான பாராட்டை மறுக்க வாய் வராது. அவள் ஒரு வசனத்தோடு நிறுத்தினால் நீரும் அதோடு விட்டுவிடும்.

வெள்ளி இரவு பஸ் ஏறினால் விடிய வெள்ளவத்தையில் இறங்கலாம். காலி வீதியில் காத்து நிற்பேன்.

அன்புடன்,
சாந்தி