ஓர் ஆய்வு முன்மொழிவுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

மதிப்புக்குரிய அனைவருக்கும் வணக்கம்.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளுக்குப் படுக்கைப் புண் வராமல் தடுப்பதில், உடன் தங்கிப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கு அளிக்கும் பயிற்சி எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை அறிய நான் எழுதிய ஆய்வு முன்மொழிவுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. முதுநிலைச் செவிலியர் படிப்பில் முன்மொழிவு மாணவியின் பெயரில்தான் தாக்கலாகும். ஆனால் இதன் கேள்வியும் அளவீடும் முறையும் யாரிடமிருந்து வந்தவை என்பதை நான் அறிவேன். அவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்வதைக் கடமையாகக் கருதி இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு. படுக்கைப் புண் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன் என்று சென்ற என்னிடம், யாரை ஆய்வுக்கு எடுக்கப் போகிறாய், அவர்களுக்கு என்ன செய்யப் போகிறாய், அதை எதனோடு ஒப்பிடுவாய், எந்த விளைவை அளப்பாய் என்று கேட்டு, இந்த நான்குக்கும் விடை கிடைக்கும் வரை எழுதத் தொடங்க வேண்டாம் என்றார். நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதையும் நனைந்த துணியை மாற்றுவதையும் உணவூட்டுவதையும் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான் செய்கிறார்கள் என்பதால், பயிற்சி அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற முடிவு அந்த விடைகளைத் தேடியபோது பிறந்தது.

நரம்பியல் வார்டின் பொறுப்புச் செவிலியருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அழுத்தினாலும் வெளிறாத சிவப்பையே முதல் நிலைப் புண்ணின் அடையாளமாகப் பாடநூல்கள் முதன்மையாகச் சொல்கின்றன. கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் புலப்படுவதில்லை. ஒரு முதியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்புக்கு மேலிருந்த தோலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த அவர், பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நிறத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை; ஆனால் சுற்றியிருந்த தோலைவிட அந்த இடம் சூடாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருந்தது. என் கண்காணிப்புப் படிவத்தில் நிறத்தோடு வெப்பமும் இறுக்கமும் வலியும் இடம்பெற்றதற்கும், குடும்பத்தினருக்கான பயிற்சியில் தொட்டுப் பார்ப்பது ஒரு பாடமாகச் சேர்ந்ததற்கும் அந்தக் காலை வேளையே காரணம்.

படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பிட, 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோலைத் தேர்ந்தெடுத்தேன். அது ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் தந்து 6 முதல் 23 வரை கணக்கிடும். மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். ஒரே நோயாளிக்கு என்னோடு தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிட்டுக் காட்டிய மூத்த மாணவியர் இருவருக்கும், கேட்ட கட்டுரைகளையெல்லாம் சலிக்காமல் தேடித் தந்த நூலகருக்கும் என் நன்றி.

புள்ளியியல் ஆசிரியர், ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டுத் தந்துவிட்டு ஒதுங்கவில்லை. ஒரே வார்டில் பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தால் ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றுக்கொள்வார், அப்போது இரு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும் என்று எடுத்துச்சொல்லி, ஒப்பீட்டுக் குழுவை முதலில் முடித்து, அவர்கள் வீடு திரும்பிய பின்னரே பயிற்சிக் குழுவைத் தொடங்கும்படி திட்டத்தை அமைத்துத் தந்தார். முன்மொழிவின் முதுகெலும்பு அதுதான் என்பேன்.

நெறிமுறைக் குழு உறுப்பினர்களின் கேள்விகள் கடுமையானவை. அவற்றுக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். பயிற்சி பெறாத குழுவுக்கு என்ன நியாயம் செய்வாய் என்று கேட்டார்கள். வழக்கமான பராமரிப்பில் எதுவும் குறையாது, கடைசி அளவீடு முடிந்ததும் அதே பயிற்சி அவர்களுக்கும் அளிக்கப்படும், எவரிடமேனும் புண்ணின் தொடக்கம் தெரிந்தால் உடனே வார்டுக்குத் தெரிவிக்கப்படும் என்று எழுதிச் சேர்த்தேன். உடன் இருப்பவர் தாமும் ஆய்வில் பங்கேற்கிறார், பேச முடியாத நோயாளிக்காகவும் சம்மதம் தருகிறார். ஆகவே இரண்டையும் ஒரே கையெழுத்தில் அடக்கக் கூடாது என்று சுட்டிக்காட்டி, இரண்டு படிவங்கள் கேட்டார்கள். மருத்துவம் சாராத உறுப்பினர் ஒருவர் என் தமிழ்ப் படிவத்தை வாய்விட்டுப் படித்து, மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் வாக்கியத்தை இரண்டாக்கச் சொன்னார்.

பெயர் சொல்ல இயலாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கணவருக்குத் துணையாக வார்டில் தங்கியிருந்த அந்த அம்மா, இரவில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தனியாளாகத் திருப்ப முடியாமல், மடித்த பருத்திப் போர்வையை அவருடைய தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து, பக்கத்துக் கட்டிலில் துணையிருந்த பெண்ணை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, இழுக்காமல் தூக்கித் திருப்பினார். தோல் உராய்வதைக் குறைக்க நாங்கள் வகுப்பில் படித்த முறையை, அங்கே கிடைத்த பொருளைக் கொண்டு அவர் செய்துகாட்டினார். பயிற்சிக் கையேட்டில் அந்தப் பகுதியை அவர் செய்த விதமாகவே எழுதியிருக்கிறேன்.

தரவு சேகரிப்பு விரைவில் தொடங்கவிருக்கிறது. முடிவு எதுவாக இருந்தாலும், ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவுடன் முதலில் நரம்பியல் வார்டுக்கு வந்து உங்கள் முன்னிலையில் அதைப் படித்துக் காட்டுவேன்.

மிகுந்த நன்றியுடன்,
முதுநிலைச் செவிலியர் பட்ட மாணவி